பாதியில் நின்ற ஒப்பாரி

வணக்கத்துக்குரிய எபநேசர் முத்துவேல் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒப்பாரிக்கு எதிராகப் பிரசங்கம் செய்தவர். அவர் பெயரை நாலு பேர் அறியச் செய்த ஒரே பாட்டு, ஓர் ஒப்பாரி. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே அங்கிக்குள் வைத்துக்கொண்டு எட்டு வருடம் நடமாடிய மனிதர் அவர்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே, றப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது மொரகஹதென்னத் தோட்டம். அங்கேதான் பிறந்தார். அப்பா முத்துவேல், காமன் கூத்துக்குத் தப்பு அடித்தவர். தீராத வயிற்று வலி மிஷன் மருந்தகத்து மருந்தில் தீர்ந்துபோக, நன்றி மறக்கக் கூடாதென்று குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். தப்பை விற்றுவிட்டார். விரல்களை விற்க முடியவில்லை. ஜெபம் நீளும்போதெல்லாம் அவை பெஞ்சு விளிம்பில் தாளம் போடும், பக்கத்தில் இருக்கும் மனைவி கிள்ளுவார், தாளம் நிற்கும், ஜெபம் நிற்காது. இப்படியொரு வீட்டில் பிறந்த பிள்ளை போதகரும் ஆனது, பாட்டும் எழுதியது. இரண்டில் ஒன்றோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

இறையியல் கல்லூரியில் அவர் கற்றவற்றில் தங்கியது யாப்பிலக்கணம். ஊழியத்தின் முதல் இருபது வருடங்களில் அவர் எழுதித் தள்ளிய பக்திப் பாடல்களுக்குக் கணக்கில்லை. நூறு பாட்டில் ஓர் அந்தாதி கூட உண்டு. அதில் எங்கும் தளை தட்டவில்லை. வாசகர்தான் யாரும் தட்டுப்படவில்லை. சபையார் பொறுமைசாலிகள். புதுப் பாட்டு என்றால் முதல் அடியைப் போதகரோடு சேர்ந்து பாடுவார்கள். இரண்டாம் அடியில் இருமுவார்கள். மூன்றாம் அடியில் அவர் மனைவி கிரேஸ்மலர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

உண்மையான வாசகர் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது பலாங்கொடையில் அச்சகம் வைத்திருக்கும் ஜுனைதீன். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பள்ளிவாசல் நோட்டீஸ், பௌத்தப் பன்சலையின் பத்திரிகை எல்லாம் அவரிடம்தான் அச்சாகும். அச்சடிப்பதை வரிவிடாமல் வாசிப்பது அவர் பழக்கம்.

"மாஷா அல்லாஹ், பாஸ்டர், ஒரு பிழை இல்ல," என்றார் ஒருமுறை புரூஃபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. "ஒண்டு ரெண்டு பிழை சரி ஈந்திருக்கலாம். வாசிக்கிறவன் அந்த எடத்தில சரி கொஞ்சம் நிப்பான்."

போதகர் சிரித்தார். வீடு வரும் வரை அது உறுத்திக்கொண்டே வந்தது.

ஒப்பாரியைப் பற்றி அவருக்கு இருந்த கேள்வி எளிமையானது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு அழலாமா? சபைப் பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனது. நம்பிக்கையால் அல்ல, மானத்தால். மாரியம்மன் கும்பிடுகிறவர்களோடு ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கிறோம், ஒரே மலையில் கொழுந்தெடுக்கிறோம், ஒரே கடையில் கடன் சொல்கிறோம். செத்துப்போனாலாவது ஒரு வித்தியாசம் வேண்டாமா? அவர்கள் வீட்டில் சாவு என்றால் அழுவார்கள், நம் வீட்டில் பாடுவார்கள். இந்தப் பெருமை மெல்ல மெல்லச் சபையின் ஒழுங்காயிற்று. பெண்கள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடப் பழகினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் எட்டு வருடங்களுக்கு முன் சுஜன் செத்தான்.

சுஜன், ஜீவராணியின் ஒரே பிள்ளை. ஜீவராணி மொரகஹதென்னையில் கொழுந்தெடுப்பவர், சபை அங்கத்தவர். கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பத்துக்குத் தலைவராகிவிட்டார். பையன் தோட்டத்தில் பேர் பதிய மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்; நிவித்திகலப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்குப் போனான். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் குழியின் பக்கம் பிளந்து, அருகே கைவிட்டுக் கிடந்த பழைய குழியின் தண்ணீர் முழுவதும் உள்ளே பாய்ந்துவிட்டது. மேலே நின்றவர்கள் தப்பினார்கள். மோட்டார் வைத்து மூன்று நாள் தண்ணீர் இறைத்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் அவனை எடுத்தார்கள்.

பெட்டியைக் காம்பராவுக்குள் வைத்திருந்தார்கள். முகத்தைத் திறக்க முடியாத பெட்டி. போதகர் அங்கியோடு வாசலில் நுழைந்தபோது ஜீவராணி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, சபை ஒழுங்கையெல்லாம் மறந்து, ஒப்பாரி தொடங்கியிருந்தார்.

"கல்லெடுக்கப் போன கண்ணு – நீ
கல்லாக் கெடக்கிறியே
மூணு நாளு தண்ணி எறச்சும் – உன்
மொகங்காட்ட வரலியே
சோத்துக் கோப்ப முன்னுக்கு – நான்
சும்மா குந்திருக்கேன்..."

அடுத்த வரி வந்திருக்கும். போதகர் அவர் தோளில் கை வைத்தார். "போதும்மா ஜீவராணி. நாங்க நம்பிக்க இல்லாதவங்க மாதிரி அழக்கூடாது." அன்பாகத்தான் சொன்னார். பாடகர் குழுவுக்குக் கண் காட்டினார். பாட்டு எழும்பியது. ஜீவராணி வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மூடினார்.

திரும்பி வரும் வழியில், முச்சக்கர வண்டியில், அந்த மெட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள்ளும் கூடவே வந்தது. ஒரு வாரம் அதைத் துரத்திப் பார்த்தார். அடுத்து வந்த பெரிய வெள்ளிக்குப் பாட்டொன்று வேண்டியிருந்தது. எழுத உட்கார்ந்தவர் எழும்பும்போது பாட்டு முடிந்திருந்தது. கல்லறையின் முன் மரியாள் அழுவதாக அமைந்த பாட்டு.

"கல்லறையில் கிடக்கும் கண்ணே – நீ
கல்லாய் உறங்குவதேன்
மூன்று நாள் ஆகும் முன்னே – உன்
முகங்காட்ட வாராயோ"

சோற்றுக் கோப்பையை எடுத்துவிட்டார். மரியாளின் கையில் அது பொருந்தவில்லை. கடைசிச் சரணத்தில் மெட்டு சற்றே வேகம் பிடித்து, 'மூன்றாம் நாள் முகங்காட்டினார், என் துயரம் முடிந்ததே' என்று மகிழ்ச்சியாக முடிந்தது.

கிரேஸ்மலர் அடுப்படியிலிருந்தே கேட்டார். "இது ஜீவராணி அழுததுங்களே."

"மெட்டுக்குச் சொந்தக்காரங்க யாரும்மா? எல்லாம் கர்த்தருது."

"அப்ப சொல்லும் அவருதுதானா?"

அவர் எழுதிய தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

பெரிய வெள்ளியன்று சபை அந்தப் பாட்டை இருமாமல் பாடியது. மூன்றாம் அடியிலும் பாடியது. ஆண்கள் அழுதார்கள். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களிடம், ஆவியானவர் கொடுத்தார் என்று போதகர் சொன்னார். ஆவியானவர் மறுப்பு எதுவும் வெளியிடவில்லை. ஜுனைதீன் மட்டும் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பாஸ்டர், கோவிச்சிக்காதீங்க. இந்தப் பாட்டு மட்டும் வேற ஆரோ எழுதின மாதிரி ஈக்கிதே."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"இதில மெய்யான சாவொண்டு ஈக்கிது. ஆரோ மௌத்தாகி ஈக்கிறாங்க."

பாட்டு பரவியது. பக்கத்துச் சபைகள் பாடின. வரக்காப்பொலப் பக்கம் ஒரு பாடகி கீபோர்டு, புல்லாங்குழலோடு பதிவு செய்தார். யூடியூபில் அருவியும் பனிமூட்டமும் காட்டி ஓடியது. பஸ்ஸில் சாமிப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவே அதுவும் ஓடியது. பாட்டு எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் போதகருக்கு ஆலயத்தின் நாலாவது பெஞ்சு கிட்டே வந்தது. அங்கேதான் ஜீவராணி உட்காருவார். வருடா வருடம் பெரிய வெள்ளிக்குத் தவறாமல் வருவார். பாட்டின்போது எழுந்து நிற்பார். உதடு அசையாது.

ஜீவராணி ஒன்றும் சொல்லாததைப் போதகர் முதலில் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு ஆசீர்வாதம் என்று நினைக்கப் பார்த்தார். இரண்டும் சரிவரவில்லை. ஆகவே நல்லவராக நடந்துகொண்டார். நத்தார்ப் பண்டிகை கேக் எல்லார் வீட்டுக்கும் ஒரு துண்டு போனால் ஜீவராணி வீட்டுக்கு இரண்டு போனது. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்றதும் தோட்ட நிர்வாகத்திடம் தானே போய்ப் பேசினார். குற்றவுணர்ச்சி ஒரு மனிதரை எவ்வளவு பயனுள்ளவராக ஆக்க முடியும் என்பதற்கு அந்த வருடங்கள் சாட்சி. நாலாவது பெஞ்சைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய மட்டும் முடியவில்லை. தூணைப் பார்த்துச் செய்தார்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஜீவராணியின் அக்கா சீதாதேவி இறந்தார். ஞானஸ்நானம் தங்கை வரைக்கும் வந்து அக்கா வீட்டு வாசலோடு திரும்பிப்போன குடும்பம் அது. சீதாதேவி கடைசி வரை மாரியம்மன் பக்கம்தான். சாவு வீடு ஓப்பநாயக்கவுக்கு இந்தப் பக்கம் இன்னொரு தோட்டத்தில். போதகரும் கிரேஸ்மலரும் போனார்கள். சபைப் பாடகர் குழுவில் பாடும் துஷாந்தினியும் இன்னும் சில பெண்களும் கூட வந்தார்கள். போதகர் மரண உதவிச் சங்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில், கூடாரத்தின் கீழ், ஆண்களோடு உட்கார்ந்து இஞ்சிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். இது அவர் சபையைச் சேர்ந்த வீடல்ல. இங்கே யாரையும் நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. அந்த நினைப்பே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

உள்ளே ஜீவராணி, செத்தவரின் மகள் நிலுஷாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். ஒப்பாரியைத் தனியாக வைக்க முடியாது. கட்டிக்கொள்ள ஒரு கழுத்து வேண்டும். முதலில் செத்தவரைக் கூப்பிட்டு அழுவார்கள். பிறகு, தன் வீட்டில் முன்னே போனவரைக் கூப்பிட்டு, இவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள் என்று ஒப்படைப்பார்கள். ஜீவராணி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா சமைத்துப் போட்டதை, அடித்ததை, அணைத்ததைச் சொன்னார். பிறகு ஒப்படைக்க வேண்டிய இடம் வந்தது. எட்டு வருடமாகக் கூப்பிடாதவனைக் கூப்பிட்டார்.

"கல்லெடுக்கப் போன கண்ணு..."

அந்த வரியைத் தூக்கிவிட நாலைந்து குரல்கள் ஆவலோடு வந்தன. "கல்லறையில் கிடக்கும் கண்ணே..." சபைப் பெண்கள் மட்டுமல்ல, பஸ்ஸில் கேட்டுப் பழகிய அந்தத் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தெரிந்த பாட்டு, சாவு வீட்டுக்குப் பொருத்தமான பாட்டு, ஜீவராணி எடுத்துக் கொடுத்துவிட்டார், பாடாமல் இருப்பது மரியாதையா? துஷாந்தினி இரண்டாம் குரல் எடுத்தாள். ஒரு சரணமும் விடவில்லை. மூன்றாம் நாள் முகம் காட்டி, துயரம் முடிந்து, மாரியம்மன் படத்துக்குக் கீழே எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள்.

வெளியே கூடாரத்தில், பக்கத்துக் கதிரைக்காரர் போதகரின் தொடையைத் தட்டினார். "பாஸ்டரய்யா, ஒங்க பாட்டுங்களே!"

போதகர் புன்னகைத்தார். எழுதுகிறவனின் முகம் அப்படித்தான். மூளை போய்ச் சேருமுன் சிரித்துவிடும். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கதவு வழியாக ஜீவராணியைப் பார்த்துவிட்டார். அவர் கைகள் நிலுஷாவின் கழுத்திலிருந்து இறங்கியிருந்தன. வாய் மூடியிருந்தது. எழுந்து, பின்பக்கம் தண்ணீர்ப் பீப்பாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பெட்டியை எடுக்கும் வரை உள்ளே வரவில்லை.

திரும்பும் வழியில் கிரேஸ்மலர் சொன்னார்:

"ஒப்பாரிய நிப்பாட்டணும்னு முப்பது வருஷம் பாடுபட்டீங்க. இன்னைக்கு நிப்பாட்டிட்டீங்க."

அதற்குப் பிறகு போதகருக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஜீவராணியிடமிருந்து எடுத்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுத்தபோது அது எவ்வளவு இலகுவாக இருந்ததோ!

முதலில் பலாங்கொடைக்குப் போனார். அவர் ஓய்வு பெறுவதையொட்டி சபை அவருடைய பாடல்களைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்திருந்தது. தொகுப்பின் பெயர் 'கல்லறைத் தாலாட்டு'.

"அந்தப் பாட்ட மட்டும் எடுத்துருங்க, ஜுனைதீன்."

"எடுக்கலாம். அட்டைல ஈக்கிற பேர என்ன செய்ற? பாஸ்டர், நெசத்தச் செல்லட்டா? பொஸ்தகம் போடுறதே அதால தானே."

"அப்ப எழுதியவர் ஜீவராணின்னு போடுங்க."

ஜுனைதீன் பேனையை எடுத்தார். திரும்பவும் வைத்தார். "அவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எடுத்தபோதும் கேட்கவில்லை, கொடுக்கும்போதும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தார். எல்லார் முன்னும் செய்ததை எல்லார் முன்னும் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று பட்டது. ஜீவராணி வராத ஒரு ஞாயிறன்று பிரசங்கபீடத்தில் ஏறி, தூணைப் பார்க்காமல், அந்தப் பாட்டு தன்னுடையதல்ல, துக்கத்திலிருந்த ஒரு தாயின் ஒப்பாரியைத் தானே நிறுத்திவிட்டுத் தானே எடுத்துக்கொண்டது என்று சொன்னார். பெயரையும் சொன்னார்.

சபை அழுதது. என்ன தாழ்மை! இப்படியொரு போதகர் எங்கே கிடைப்பார்? ஆராதனை முடிந்ததும் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். துஷாந்தினி அதைப் போனில் எடுத்திருந்தாள். பின்னேரத்துக்குள் அது தோட்டம் தோட்டமாகப் போனது. போதகரின் பேர் முன்னைவிடப் பெரிதாயிற்று. திருட்டை ஒப்புக்கொண்டதற்காக ஒரு மனிதருக்கு இரண்டு மாலை விழுந்தது சபரகமுவவில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஜீவராணியின் காம்பரா வாசலில் ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். "அக்கா, அந்த ஒப்பாரிய ஒருக்கா பாடிக் காட்டுங்களேன். ஒரிஜினல."

இது காதில் விழுந்த அன்றே போதகர் லயத்துக்குப் போனார். ஜீவராணி வேலை விட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"ஜீவராணி, நான் மன்னிப்புக் கேக்க..."

"மன்னிப்பு எதுக்குங்க பாஸ்டரய்யா? அத ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்கதான எங்களுக்குக் குடுக்கிறீங்க."

"பாட்ட நான் எடுத்துருக்கக் கூடாது."

"எடுத்தீங்க, சரி. சோத்துக் கோப்பய மட்டும் வச்சிட்டுப் போயிட்டீங்க." காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "ஒங்க ஆளு மூணாம் நாளு எந்திரிச்சாரு. சந்தோசம். எம் புள்ளயும் மூணாம் நாளுதான் வந்தான். தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டும் ஒண்ணுங்களா?"

ஜீவராணி மற்றக் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"ஒங்க பாட்ட நான் கேக்கலைங்க. என் அழுக பாதியில நிக்கிது. அவன் பொட்டிக்கிட்ட தொடங்குனது. நீங்க கைய வச்சி நிப்பாட்டுனது. அங்க நின்னது இன்னும் அங்கயே நிக்கிது. எங்க அக்காகிட்டயாவது முடிப்பம்னு போனேன். கூட்டமா சேந்து பாடிட்டாங்க." செம்பைக் கவிழ்த்து வைத்தார். "அவன் குழிமேட்டுல உக்காந்து மீதிய அழணும். அவ்வளவுதான். ஒத்தையில முடியாது. ஒரு கழுத்து வேணும். சபையில எவ வருவா? நீங்கதான் வேணாம்னு சொல்லி வச்சிருக்கீங்க."

"வார ஞாயிறு நானே அறிவிக்கிறேன். இனிமே ஒப்பாரி..."

"ஐயோ சாமி! அறிவிக்காதீங்க. நீங்க வாயத் தொறந்தா அது போன்ல வந்துருது."

ஆக, அறிவிக்காமல் ஒரு கழுத்தைத் தேட வேண்டும். பெரிய வெள்ளிக்கு வெள்ளி முழு ஆலயத்தையும் அழ வைத்தவருக்கு, அழுவதற்கு ஒரு பெண் கிடைக்கவில்லை. பெண்கள் ஐக்கியத் தலைவியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாஸ்டரய்யா, எங்க விசுவாசத்தச் சோதிச்சிப் பாக்கிறீங்களா? நாங்க அப்படியெல்லாம் அழமாட்டோம்ங்க!" இன்னொருவர், ஜீவராணிக்காக உபவாச ஜெபம் வைக்கலாமே என்றார். துஷாந்தினியின் அம்மா, தன் செத்த வீட்டுக்குக்கூட அழாமல் இருக்கப் பழகிவிட்டதைப் பெருமையோடு சொன்னார். ஒவ்வொருவரும் அவர் கற்பித்ததை அவரிடமே ஒப்பித்தார்கள். நல்ல மாணவர்கள். ஒரு பிழை இல்லை.

சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தவருக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு கிரேஸ்மலர் கேட்டார்: "ஊர்ல எல்லாரையும் கேட்டீங்களே. என்னய ஏன் கேக்கல?"

"நீ... போதகர் மனைவி."

"அதுக்கு முன்னுக்கு நான் கொழுந்தெடுக்கிறவ மக."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா?" என்றார் கிரேஸ்மலர். "வாயத்தான மூடுனீங்க. காதயுமா?"

தோட்டத்து மயானம் றப்பருக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு சரிவில் இருக்கிறது. ஜீவராணி ஒரு நிபந்தனைதான் போட்டார்: போதகர் வாசல் படலையடியில் நிற்கலாம், யாராவது வந்தால் திருப்பி அனுப்பலாம், உள்ளே வரக் கூடாது. பேர் கிடைக்கும் இடங்களிலெல்லாம் முன்னே நின்று பழகிய மனிதர், படலைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார். மழை தூறியது. காலில் அட்டை ஏறியது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த வரி வந்தது. நின்ற இடத்திலிருந்து, சோற்றுக் கோப்பையிலிருந்து. கூடவே யாரும் பாடவில்லை. கிரேஸ்மலர் 'ஆமா தாயி' என்று இழுத்து விட்டார், அவ்வளவுதான். வரி அடுத்த வரிக்குப் போனது. குழி முதலாளியை ஏசியது, மழையை ஏசியது, கொழும்புக்குப் போனவனை ஏசியது. பிறகு தயவுதாட்சணியம் இல்லாமல் போதகரையும் ஏசியது. ஒப்பாரியில் அதற்கு இடம் உண்டு; யாரும் கோபிக்கக் கூடாது. அவர் கோபிக்கவில்லை. அவருடைய பயம் வேறு. அத்தனையும் அபாரமாக இருந்தது. ஒவ்வோர் அடியும் வந்து விழுந்த மாத்திரத்தில் மனதில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. இன்னொரு தடவை எடுத்துவிடுவேனோ என்பதுதான் அந்தப் பயம். மனதைக் கட்டிப்போட வேறு வழி தெரியாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். கடினமான வாய்ப்பாடு. அதிலேயே கவனம் போயிற்று. ஜீவராணியின் ஒப்பாரி அவர் காதருகே வந்து, வழி கிடைக்காமல், சரிவில் இறங்கிப்போனது. வாழ்க்கையில் அவர் செய்த நல்ல காரியங்களில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வாய்ப்பாடு தீர்ந்தது. மூச்சு விட்டார். அந்த இடைவெளியில் உள்ளே குரல் மாறியிருந்தது.

கிரேஸ்மலரின் குரல். நாற்பது வருடமாகத் தெரிந்த குரல், ஆனால் இந்த உயரத்தில் அவர் கேட்டதில்லை. அது சுஜனுக்கு அழவில்லை. கிரேஸ்மலரின் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதினொரு வருடங்களுக்கு முன் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்த அந்தத் தாயை நல்லடக்கம் செய்து வைத்தவர் மருமகனான போதகர்தான். நேர்த்தியான ஆராதனை; சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். கிரேஸ்மலர் பெட்டியின் தலைமாட்டில் நின்று அவருக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

"பாட்டுப் பொஸ்தகம் புடிச்ச கையி – உன்
பாதத்தத் தொடலியே..."

படலையைப் பிடித்திருந்த கையைப் போதகர் எடுத்தார். திரும்ப வைத்தார். எந்த வாய்ப்பாடும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வெகுநேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். கண் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. ஜீவராணி படலையைச் சாத்தினார்.

"முடிஞ்சிருச்சிங்க," என்றார், வேலை முடிந்த பெண் போல. "இனி அந்தப் பாட்ட நீங்க பாடிக்கங்க, பாஸ்டரய்யா. பொஸ்தகமும் போட்டுக்கங்க. எனக்கு அது வேணாம்." சேலையை உதறிச் செருகிக்கொண்டு லயத்துப் பாதையில் இறங்கினார்.

மன்னிப்பா அது, தள்ளுபடியா என்று போதகருக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டு இப்போது முழுவதும் அவருடையது. அவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

கிரேஸ்மலர் முன்னே நடந்தார். அவர் பின்னே. றப்பர் மரங்கள் முடியும் இடம் வந்தது.

"கேட்டுச்சா?" என்றார் கிரேஸ்மலர் திரும்பிப் பார்க்காமல்.

"ஜீவராணி அழுதது கேக்கல. ஒண்ணும் ஞாபகத்துல வைக்கல."

"நான் அழுதது?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தார். "கேட்டுச்சி."

"எவ்வளவு?"

"ஒரு வரி."

கிரேஸ்மலர் நின்றார். எந்த வரி என்று கேட்கவில்லை. கணவரின் காலில் ஏறியிருந்த அட்டையைக் குனிந்து பிடுங்கி எறிந்தார். "மறந்துருங்க," என்றார்.

போதகர் தலையாட்டினார். முன்னே போகும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். அடிக்கு அடி, மோனை தவறாமல், அந்த வரி அவரோடு கூடவே வந்தது.